முடிந்து வைத்தது

சர்வீஸிலிருந்து திரும்பிய வண்டி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்றபோது, அதில் குறை சொல்ல ஏதும் இருப்பதாக ஷ்யாம்சுந்தருக்குத் தோன்றவில்லை. சங்கிலியில் புது எண்ணெய் மினுங்கியது. மட்கார்டின் உள்மடிப்பில் மழைக்காலம் முழுவதும் அப்பிக் கிடந்த முடிச்சூர்ச் சேறுகூடப் போயிருந்தது. அன்று மாலை காய்கறி வாங்கக் கீழே இறங்கிய மிருதுளா வண்டியைக் கடந்து போனவள், நின்று, திரும்பி வந்து, வலப்பக்கக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷ்யாம், முடிச்சு எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். ஆக்ஸிலேட்டருக்குப் பக்கத்தில், கண்ணாடித் தண்டின் அடியில், ஒன்றுமில்லை. கறுப்பு உலோகம் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

அங்கே இருந்தது கட்டைவிரல் அளவு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் ஒரு நாணயம். கருத்தரித்தது உறுதியான வாரத்தில், கிருத்திகையன்று, மிருதுளா குன்றத்தூர் முருகனை நினைத்து முடிந்தது. இப்படி முடிந்த காசைப் பூஜை அலமாரியில் வைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். அவள் அதை வண்டியில் கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, ஷ்யாமின் தாயார் அபிதகுஜாம்பாள், "அந்த ரோட்ல வண்டியில உக்காந்துண்டு போனா வயித்துல எது தங்கும்?" என்று கேட்டிருந்தாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதற்குப்பின் பல மாதங்கள் அந்தக் கேள்வியை மிருதுளாவே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னிருக்கையில் அமர்ந்ததாலா, வேகத்தடையில் தூக்கிப் போட்டதாலா, வாளியில் தண்ணீர் தூக்கியதாலா, அன்று கோபப்பட்டதாலா. ஒவ்வொன்றுக்கும் ஷ்யாம் இல்லை என்றான். இல்லை என்பதற்கு அவனிடம் ஆதாரம் இருக்கவில்லை. அவன் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அது அவளுக்குப் போதவில்லை.

இரண்டாம் முறை அவள் வண்டியில் ஏறவேயில்லை. "எந்த வண்டி மேல பழி வந்துதோ அதுவே காவல் இருக்கட்டும்" என்று சொல்லிக் கைப்பிடியில் கட்டினாள். "இது நான் முடிஞ்சது. நான்தான் அவிழ்க்கணும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறி, உண்டியல் முன்னாடி நின்னு அவிழ்ப்பேன். அதுவரை யாரும் தொடக் கூடாது." ஷ்யாமுக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் முகத்தில் இருந்த உறுதியை மறுக்கும் துணிவும் அவனுக்குக் கிடையாது.

இப்போது அவன் சர்வீஸ் மேனேஜர் ஜெபகுமாருக்குப் போன் செய்தான். மேற்குத் தாம்பரத்தில் வண்டி வாங்கிய விற்பனையகத்தின் பின்கட்டுதான் சர்வீஸ் சென்டர். ஜெபகுமார் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அவர் குரலில் ஓர் உபகாரம் செய்தவரின் நிறைவு இருந்தது.

"கேபிள்ல ஏதோ துணி சுத்தியிருந்துச்சாம் சார். நீங்கதானே ஆக்ஸிலேட்டர் திரும்ப வர மாட்டேங்குதுன்னு கம்ப்ளைண்ட் எழுதச் சொன்னீங்க? அதனாலதான். எடுத்துட்டாங்க. இப்ப ஸ்மூத்தா இருக்குமே?"

"எடுத்தாங்களா, அறுத்தாங்களான்னு கேளு" என்றாள் மிருதுளா.

இந்த வேறுபாட்டை ஒரு மேனேஜரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவன் அதை அப்படியே கேட்டான்.

"அறுத்துத்தான் சார் எடுத்திருப்பாங்க. இறுகிப் போயிருக்கும்ல?"

"அது எங்க இருக்கு இப்ப?"

"வாட்டர் வாஷ்ல சார்… தண்ணியோட போயிருக்கும்."

மிருதுளா அழவில்லை. காய்கறிப் பையை மடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அது சனிக்கிழமை.

திங்களன்று ஏற்கெனவே குறித்திருந்த ஸ்கேன். மருத்துவர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, மிருதுளாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, "முடிஞ்சு போச்சும்மா" என்றார். காசை முடிவதற்கும் எல்லாம் முடிவதற்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது அந்த அறையில், அந்த நேரத்தில், ஷ்யாமுக்கு ஏன் தோன்றியது என்று அவனால் பின்பு விளக்க முடிந்ததில்லை.

மிருதுளா உடை மாற்றப் போயிருந்தபோது மருத்துவர் அவனிடம் தனியாகச் சொன்னார்: "இது நேத்து இன்னிக்கு நின்னது இல்ல. வளர்ச்சியைப் பார்த்தா ஒரு வாரம் முன்னாடியே நின்னிருக்கு, கூடவும் இருக்கலாம். யாரும் எதுவும் செஞ்சதால இல்ல. சிலது இப்படி ஆகும். அவங்க தன்னையே குத்தம் சொல்லிக்காம பாத்துக்குங்க."

அதை வெளியே வந்ததும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். ஆட்டோவில் ஏறியதும் அவள் முந்திக்கொண்டாள்.

"சனிக்கிழமை அறுத்தாங்க. இன்னிக்குப் போச்சு."

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் துயரம் இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் கண்ட தேடல் இல்லை. தன் உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் குற்றத்தைத் துழாவும் அந்தப் பார்வை இம்முறை வெளியே, தாம்பரம் மேம்பாலத்தின் நெரிசலைத் தாண்டி, எங்கோ ஒரு சர்வீஸ் சென்டரின் ஈரத் தரையில் போய் நின்றிருந்தது. அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

வீட்டில் அபிதகுஜாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் ஏதும் கேட்பதற்குள், "வண்டியில நான் ஏறவே இல்லம்மா. சர்வீஸ்ல முடிச்சை அறுத்துட்டாங்க" என்றாள் மிருதுளா. முதியவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு மருமகளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"பாவிகள்! கேக்காம கொள்ளாம ஒருத்தர் முடிஞ்சதை அறுப்பாளோ? கை எப்படி வந்தது அவாளுக்கு?"

ஈராண்டுகளாக ஒரே வீட்டில் ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் நடமாடிய இருவர், அன்று ஒரே சோபாவில், ஒரே பக்கம் பார்த்து அமர்ந்திருந்தார்கள். ஷ்யாம் சமையலறைக்குள் போய்ப் பால் காய்ச்சினான். ஓர் உண்மையைச் சொல்லாமல் இருப்பதால் ஒரு வீட்டில் இவ்வளவு அமைதி வருமானால், அதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

உடம்பு தேறியதும் மிருதுளா விற்பனையகத்தின் தலைமை அலுவலகத்துக்கு இணையத்தில் புகார் எழுதினாள். குழந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கோவில் வேண்டுதலுக்காக வண்டியில் கட்டியிருந்ததை அனுமதியில்லாமல் அறுத்தார்கள் என்று மட்டும் எழுதினாள். என்ன தீர்வு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'அறுத்தவர் என் முன்னால் வந்து சொல்ல வேண்டும்' என்று பதில் கொடுத்தாள்.

அடுத்த நாளே ஜெபகுமார் ஷ்யாமின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சார், ஹெட் ஆபீஸ்ல பெரிய பேஜாராப் போச்சு. கழட்டறதுக்கு முன்னாடி கஸ்டமரைக் கேக்கணும், அது எங்க ரூல். தப்புதான். வாட்டர் வாஷ் ஆள் அசரியா, கான்ட்ராக்ட்ல இருக்கறவரு. மேடம் கம்ப்ளைண்ட்டை க்ளோஸ் பண்ணலைன்னா அவரை நிறுத்திடச் சொல்லிட்டாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்க சார்."

இதை ஷ்யாம் மிருதுளாவிடம் சொன்னான். வேலை போகும் என்பதையும் சொன்னான். அவள் அதிராமல் கேட்டுக்கொண்டாள்.

"போகட்டுமே" என்றாள்.

மிருதுளா அப்படிச் சொல்லக்கூடியவள் அல்ல. தெருநாய்க்குச் சோறு வைக்காமல் தான் சாப்பிடாதவள். அந்த ஒற்றைச் சொல் ஷ்யாமின் மனத்தில் நெடுநேரம் அறுபடாமல் கிடந்தது.

இருவரும் ஆட்டோவில் போனார்கள். ஜெபகுமார் கண்ணாடி அறையில் அமரவைத்துக் காபி வரவழைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, இரு கைகளாலும் மிருதுளாவின் முன் நகர்த்தினார். உள்ளே புத்தம்புது மஞ்சள் துணி, முடிச்சு, பக்கத்தில் விபூதிப் பொட்டலம்.

"எங்க டீம்ல ரெண்டு பேரை குன்றத்தூருக்கே அனுப்பினோம் மேடம். அர்ச்சனை பண்ணி, சாமி காலடியில வெச்சு வாங்கிட்டு வந்தாங்க."

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றாள் மிருதுளா.

ஜெபகுமார் தயங்கினார். "வண்டி நம்பருக்கு மேடம்."

"என்ன?"

"பேர் கேட்டாராம் ஐயர். உங்களைக் கேக்காம உங்க பேரை எப்படிச் சொல்றதுன்னு பசங்க வண்டி நம்பரைச் சொல்லிட்டாங்க. நட்சத்திரம் கேட்டதுக்கு டெலிவரி எடுத்த தேதியைச் சொன்னாங்களாம். அவரும் பாத்து ஏதோ ஒரு நட்சத்திரம் போட்டுக்கிட்டாராம்."

மிருதுளாவின் உதட்டோரம் ஒரு துடிப்பு. அவள் சிரித்துவிடப் போகிறாள் என்று ஷ்யாம் நினைத்தான். பல வாரங்களாக அவன் காணாத ஒன்று அது. ஆனால் அது சிரிப்பாகாமலே அடங்கிவிட்டது. அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அவரைக் கூப்பிடுங்க."

அசரியா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சட்டை பாதி நனைந்திருந்தது. தரை அழுக்காகிவிடுமே என்று கதவுக்கு வெளியே கால்களை வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் உள்ளே நீட்டி நின்றார்.

"நீங்கதான் அறுத்தீங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

"என்னன்னு தெரியலையா உங்களுக்கு?"

"மஞ்சாத் துணியா இருந்தா தெரிஞ்சிருக்கும்மா. பொயிச்சலூர்ல எங்க தெருவுல பாதி வண்டில கட்டிகினுதான் கீறாங்க. இது மழை, சேறு, ஆயிலு எல்லாம் பட்டு கன்னங்கரேல்னு இருந்துச்சி. கண்ணாடி ஆடுதுன்னு யாரோ கந்தத்துணி சுத்தி வெச்சிகீறாங்கன்னு நெனச்சிகினேன். கேபிளாண்ட நயுவிப் போய் மாட்டிகினு, முறுக்குனா திரும்ப மாட்டேங்குது. சார் லாரி பின்னால போறப்போ அப்டி ஆனா இன்னா ஆவறது சொல்லு?"

"கழட்டறதுக்கு முன்னாடி ஃப்ளோர் சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், கஸ்டமருக்குப் போன் போடணும். எத்தனை தடவை ட்ரெயினிங் குடுத்திருக்கு?" என்றார் ஜெபகுமார்.

"கந்தத்துணிக்கு எவன் சார் போன் போடுவான்? போட்டிருந்தா நீங்கதான் மொதல்ல கத்தியிருப்பீங்க, ஒரு வண்டிக்கு எவ்ளோ நேரம்டான்னு."

"அசரியா!"

"இன்னா சார்? உண்மையத்தானே சொல்றேன்."

"அது கந்தல் இல்ல" என்றாள் மிருதுளா.

அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்ததால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"என் குழந்தைக்காக முடிஞ்சது."

அசரியாவின் முகத்திலிருந்த வாதம் இறங்கியது. "மன்னிச்சிக்கம்மா" என்றார். பிறகு, அதைவிட இயல்பாக வேறு எதுவும் கேட்கத் தோன்றாதவர்போல், "கொயந்த நல்லா கீதாம்மா?" என்றார்.

"இல்ல."

அவள் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நீங்க சனிக்கிழமை அறுத்தீங்க. திங்கட்கிழமை ஸ்கேன்ல இல்லன்னுட்டாங்க."

ஜெபகுமார் காபிக் கோப்பையைப் பார்த்தபடி தலை குனிந்துகொண்டார். அசரியா அப்படிச் செய்யவில்லை. கதவுக்கு வெளியே வைத்திருந்த கால்களை மறந்து, ஈரப் பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டார். இதுவரை துணியைப் பற்றியும் கேபிளைப் பற்றியும் சரமாரியாகப் பேசியவர், இதைப் பற்றி ஒரு சொல்லும் வாதிடவில்லை. அவள் சொன்னதை முழுவதுமாக நம்பிவிட்டார்.

"அம்மா. என்னை வேலைய விட்டு எடுத்தாலும் சரி. வேணும்னா ரெண்டு அறை வுடு. ஆனா வயிறெரிஞ்சு ஒரு வார்த்தை சொல்லிடாதம்மா. எம்பொண்ணு முயுகாம வூட்ல கீறா. அபிகாயிலு. அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதும்மா. நான் செஞ்சதுக்கு நான் பட்டுக்கிறேன். அதும் மேல போட்டுடாதம்மா."

மிருதுளா சொல்ல நினைத்து வந்தது எதுவாக இருந்திருக்கும் என்று ஷ்யாமுக்குத் தெரியாது. ஆனால் அவள் உதடுகள் பிரிவதை அவன் பார்த்தான். தன் மனைவியின் தோளிலிருந்து இறங்கிய சுமை, காற்றில் கரைந்துபோய்விட்டதென்றுதான் அவன் இதுவரை எண்ணியிருந்தான். அது பொழிச்சலூரில் ஏதோ ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் வயிற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

"மிரு" என்றான். "அவர் அறுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் திரும்பினாள்.

"அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அவர் அறுத்தப்போ… அப்பவே இல்ல. டாக்டர் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"அன்னிக்கே. நீ உள்ள இருந்தப்போ."

"அன்னிக்கே" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அதில் கேள்வியோ கோபமோ இல்லை. ஒரு சொல்லைச் சரிபார்ப்பவளைப்போல் சொன்னாள்.

பிறகு அவள் அசரியாவின் பக்கம் திரும்பினாள். அதற்கு அவள் மனத்துக்குள் எவ்வளவு தூரம் நடந்து வர வேண்டியிருந்தது என்பதை அந்த அறையில் ஷ்யாம் மட்டுமே அறிந்திருந்தான்.

"பொண்ணுக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சும்மா."

"நல்லபடியாப் பொறக்கும். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போங்க."

அசரியா நம்பாமல் ஷ்யாமைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். கைகூப்பி, என்ன சொல்வதென்று தெரியாமல், "கர்த்தர் ஒனக்கு நல்லது செய்வாரும்மா" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். தரையில் அவருடைய பூட்ஸின் ஈரத்தடம் கதவுவரை நீண்டிருந்தது. மிருதுளா போனை எடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றாள். ஜெபகுமார் எழுந்து நின்று நன்றி சொன்னார். அவர் டப்பாவை மறுபடியும் நீட்டியபோது அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டின் வெயில் முகத்தில் அறைந்தது. ஆட்டோ வேண்டாம், பேருந்திலேயே போகலாம் என்றாள். நிறுத்தத்தில் நிழல் இல்லை. இருவரும் ஒரு விளம்பரப் பலகையின் மெல்லிய நிழலில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

"உனக்கு அது ஒரு பிடிமானமா இருந்துச்சு" என்றான் ஷ்யாம். "அதை எடுக்க எனக்கு மனசு வரல."

தன்னை அவள் திட்டினால் தேவலை என்று அவனுக்குப் பட்டது. அப்படியானால் எதனால் என்று அவள் கேட்கப்போகிறாள் என்றும் எதிர்பார்த்தான். அதற்கு மருத்துவர் சொன்ன விடையை மனத்துக்குள் பலமுறை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். அவள் கேட்டது அதுவல்ல.

"எத்தனை நாள் முன்னாடின்னு சொன்னாங்க?"

"ஒரு வாரம். கூடவும் இருக்கலாமாம்."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு எதையோ நினைவில் அடுக்கினாள். தலைக்குமேல் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அது மறையும்வரை காத்திருந்து பேசினாள்.

"நீ ஆபீஸ் போனதும் நான் அதுகிட்ட பேசிட்டிருப்பேன். உனக்குத் தெரியாது. இந்த ஃபிளைட் வீட்டு மேல போச்சுன்னா வயித்துல கை வெச்சு, ஒண்ணும் இல்ல, பயப்படாதேன்னு சொல்வேன். என்ன சமைக்கறேன்னு சொல்வேன். ஸ்கேனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரசம் கொஞ்சம் காரமாப் போச்சு. அதுக்கு ஸாரிகூடக் கேட்டேன்."

அவன் அவள் கையைப் பற்றினான். அவள் விலக்கவில்லை, பற்றவும் இல்லை.

"அப்போ அந்த ஒரு வாரமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன், ஷ்யாம்?"

முடிச்சூர்ப் பேருந்து வந்தது. கூட்டம் படிவரை நின்றிருந்தது. பெண்கள் முன்வாசலுக்கு ஓடினார்கள். அவர்களோடு மிருதுளாவும் போய் ஏறிக்கொண்டாள். பின்வாசலில் தொற்றிய ஷ்யாமுக்கு, தலைகளுக்கும் பைகளுக்கும் இடையே, மேற்கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கை மட்டும் தெரிந்தது. பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், உட்கார இடம்கூடக் கிடைத்திருக்கும். அந்தக் கை கம்பியை விடவில்லை.